எண்ணலும் மதிப்பிடலும்

பெரியதொரு நூலகத்தினுள் நாம் நுழைகின்றோம் என்று வைத்துக்கொள்வோம். நெடிய நிலைப்பேழைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றில் நூல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. நூலகரை அணுகி, “ஐயா, இங்கே எத்தனை நூல்கள் உள்ளன?” என்று வினவுகின்றோம். அவர் இரண்டு வழிகளுள் ஒன்றினால் விடை கூறலாம். ஒவ்வொரு பேழையாகச் சென்று, நூல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணி வந்து தொகையைச் சொல்லுதல் ஒரு வழி. மேசைமீது இருக்கும் பதிவேட்டைத் திறந்து, அதன் இறுதி வரியில் எழுதியுள்ள தொகையைப் படித்துச் சொல்லுதல் மற்றொரு வழி. முன்னதற்குப் பல நாட்கள் ஆகும். பின்னதற்கு ஒரு நொடி போதும். முன்னதில் ஐயத்திற்கு இடமில்லை. பின்னதிலோ, பதிவேடு எழுதுவோர் எந்த நாளும் தவறாது எழுதி வந்தனரா என்னும் ஐயம் எழுதற்கு இடமுண்டு.

இவ்விரு வழிகளும் நூலகத்திற்கு மட்டும் உரியன அல்ல. கோடிக்கணக்கான செய்திகளைத் தம்முள் அடக்கிவைக்கும் கணிப்பொறிகளுக்கும் இதே வினா எழுகின்றது. இதே இரு வழிகளும் அமைந்துள்ளன. எந்த இடத்தில் எந்த வழியை மேற்கொள்ளல் வேண்டும் என்பதை அறியாதவர் வீணே காலத்தை இழப்பர். அல்லது பிழையான எண்ணை மெய்யென நம்பித் தீங்கு விளைப்பர். ஆதலின் இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

செய்திகளை ஒழுங்குபடச் சேமித்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளுதற்கென அமைத்த அமைப்பினைத் தரவுத்தளம் என்பர். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காடு என்னும் அறிஞர், 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், செய்திகளை வரிசையும் நிரலும் உடைய அட்டவணைகளாக வைக்கும் முறைக்குக் கணித அடிப்படை வகுத்தார். நெடுங்காலம் அம்முறையே பெரிதும் கையாளப்பட்டது. இன்றும் அது சிறப்புற்று விளங்குகின்றது. ஆயினும் எல்லாச் செய்திகளும் அட்டவணைக்குள் எளிதில் அடங்குவதில்லை. ஒரு மாணவனைப் பற்றிய குறிப்பில் ஒரு முகவரி இருக்கலாம். மற்றொரு மாணவனுக்கு இரண்டு முகவரிகள் இருக்கலாம். ஒருவன் மூன்று விளையாட்டுக்களில் பரிசு பெற்றிருப்பான். மற்றொருவன் ஒன்றிலும் பெற்றிரான். இத்தகைய குறிப்புகளை ஒருவருக்கு ஓர் ஆவணம் என்னும் முறையில், உள்ளது உள்ளவாறே எழுதி வைத்தல் எளிது. அவ்வாறு வைக்கும் அமைப்பே ஆவணத் தரவுத்தளம் ஆகும்.

அவ்வகைத் தரவுத்தளங்களுள் பெயர் பெற்றது ‘மாங்கோ டிபி’ என்பது. 2007ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் தொடங்கப்பெற்ற நிறுவனம் ஒன்று இதனை உருவாக்கி, 2009ஆம் ஆண்டில் வெளியிட்டது. மிகப் பெரியது என்னும் பொருளுடைய ‘ஹியூமாங்கஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் இடைப்பகுதியே ‘மாங்கோ’ என அமைந்தது. இதில் ஓர் ஆவணம் 16 மெகாபைட்டு அளவுக்கு மேற்படலாகாது. ஒரே இனத்தைச் சேர்ந்த ஆவணங்கள் பலவும் கூடியது தொகுப்பு எனப்படும். மாணவர் ஆவணங்கள் எல்லாம் ஒரு தொகுப்பு. ஆசிரியர் ஆவணங்கள் எல்லாம் மற்றொரு தொகுப்பு. ஒரு தொகுப்பில் பத்து ஆவணங்களும் இருக்கலாம். பல கோடி ஆவணங்களும் இருக்கலாம்.

இத்தரவுத்தளத்தோடு உரையாட விரும்பும் நிரல், ஏதேனும் ஒரு கணிமொழியில் எழுதப்படல் வேண்டும். அவற்றுள் ‘சி’ என்னும் மொழி மிகவும் இன்றியமையாதது. அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி என்பார் 1970களின் தொடக்கத்தில் இதனை அமைத்தார். சொற்கள் சில, விதிகள் சில, ஆற்றலோ பெரிது. யூனிக்சு என்னும் இயக்கமுறை 1973ஆம் ஆண்டில் இம்மொழியிலேயே திரும்ப எழுதப்பட்டது. சி மொழி தன்னைக் கையாள்பவரிடம் மிகுந்த பொறுப்பை ஒப்படைக்கின்றது. நினைவகத்தில் இடம் கேட்டுப் பெற்றவரே, பணி முடிந்தபின் அதனைத் திருப்பியும் தருதல் வேண்டும். பிழை நேர்ந்ததா இல்லையா என்பதைத் தாமே பார்த்துக்கொள்ளல் வேண்டும். ‘நான் மறந்தாலும் மொழி காத்துக்கொள்ளும்’ என்னும் எண்ணத்திற்கு அங்கே இடமில்லை.

சி மொழியில் எழுதிய நிரலுக்கும் மாங்கோ டிபிக்கும் இடையே நின்று தூதுபோல் பணிபுரிவது ‘இயக்கி’ என்னும் மென்பொருள். நிரல் கேட்கும் வினாவைத் தரவுத்தளத்திற்குப் புரியும் வடிவில் அது கொண்டு செல்லும். வரும் விடையை நிரலுக்குப் புரியும் வடிவில் கொணர்ந்து கொடுக்கும். ‘இத்தொகுப்பில் எத்தனை ஆவணங்கள் உள்ளன?’ என்று கேட்பதற்கு, இவ்வியக்கியில் இரண்டு செயற்கூறுகள் அமைந்துள்ளன. ஒன்றன் பெயர் ‘கவுன்ட் டாக்குமென்ட்ஸ்’. அதாவது ஆவணங்களை எண்ணுக என்பது. மற்றொன்றன் பெயர் ‘எஸ்டிமேட்டட் டாக்குமென்ட் கவுன்ட்’. அதாவது ஆவணத் தொகையின் மதிப்பீடு என்பது. முற்காலத்தில் ‘கவுன்ட்’ என்னும் ஒரே செயற்கூறு இவ்விரு பணிகளையும் செய்து வந்தது. தமக்குக் கிடைத்த விடை எண்ணி வந்ததா, ஏட்டைப் பார்த்து வந்ததா என்பது அப்பெயரிலிருந்து பயன்படுத்துவோர்க்குப் புலனாகவில்லை. பின்னர் அதனைக் கைவிட்டு, வேலைக்கேற்ற இரண்டு பெயர்களைச் சூட்டினர். பொருளின் தன்மையைப் பெயரே உணர்த்துதல் நன்றன்றோ?

இவ்விரண்டும் செயற்படும் முறையை இனி நோக்குவோம்.

முதற்செயற்கூறு உண்மையாகவே எண்ணுகின்றது. ‘ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் மட்டும்’ என்பது போன்ற நிபந்தனை ஒன்றை நாம் தரலாம். தரவுத்தளம் அந்நிபந்தனைக்குப் பொருந்தும் ஆவணங்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 1 எனக் கூட்டிக்கொண்டே சென்று இறுதித் தொகையைத் தரும். நிபந்தனைக்கு ஏற்ற சுட்டுவரிசை முன்னரே அமைக்கப்பட்டிருப்பின், ஆவணங்களைத் திறவாமலே அவ்வரிசையைக் கொண்டு எண்ணிவிடவும் கூடும். நிபந்தனை ஒன்றும் இன்றி ‘அனைத்தையும் எண்ணுக’ என்றால், தொகுப்பு முழுவதையும் கடந்து செல்ல நேரும். ஒரு நொடிக்குப் பத்து இலட்சம் ஆவணங்களை எண்ணவல்ல பொறி ஒன்று உண்டெனக் கொள்வோம். பத்து இலட்சம் ஆவணங்களை அது ஒரு நொடியில் எண்ணி முடிக்கும். ஐம்பது கோடி ஆவணங்கள் இருப்பின் 500 நொடிகள், அதாவது எட்டு நிமிடங்களுக்கு மேல், ஆகும். தொகை பெருகப் பெருகக் காலமும் அதே அளவிற் பெருகும். அப்பொழுதெல்லாம் தரவுத்தளத்தின் ஆற்றலில் ஒரு பகுதி இவ்வேலையிலேயே செலவழியும். தம் பணிக்காகக் காத்திருக்கும் பிறர்க்கு அதனால் தாமதம் நேரும்.

இரண்டாவது செயற்கூறு எந்த ஆவணத்தையும் தொடுவதில்லை. தரவுத்தளம் ஒவ்வொரு தொகுப்பிற்கும் ஒரு குறிப்பேட்டை வைத்துள்ளது. ஓர் ஆவணம் உள்ளே வரும்போது அக்குறிப்பிலுள்ள எண் ஒன்று கூடும். ஓர் ஆவணம் நீக்கப்படும்போது ஒன்று குறையும். இரண்டாவது செயற்கூறு அவ்வெண்ணைப் படித்து அப்படியே நம்மிடம் தருகின்றது. ஆவணங்கள் ஐம்பதாயினும் ஐம்பது கோடியாயினும் அதற்கு ஆகும் காலம் ஏறத்தாழ ஒன்றே. ஆயின் இதனிடம் நிபந்தனை எதனையும் கூற இயலாது. ‘ஒன்பதாம் வகுப்பு மாணவர் எத்தனை பேர்?’ என்று கேட்டால், அதற்குரிய கணக்கு அக்குறிப்பேட்டில் இல்லை. மொத்தத் தொகை ஒன்றே அதற்குத் தெரியும்.

மதிப்பீடு என்னும் சொல்லைக் கேட்டவுடன் ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும் பழமொழி நம் நினைவுக்கு வரும். ஒரு பகுதியைப் பார்த்து முழுமையை உய்த்துணர்தல் மதிப்பீட்டில் ஒரு வகை. பிரெஞ்சு நாட்டுக் கணித மேதை இலாப்பிலாசு அம்முறையைக் கையாண்டார். நாடு முழுவதும் வீடுவீடாக எண்ணுதல் அக்காலத்தில் அரிது. பிறப்புப் பதிவேடுகளோ எங்கும் இருந்தன. ஆதலின் 1802ஆம் ஆண்டில், தெரிந்தெடுத்த சில ஊர்களில் மட்டும் மக்கள் எண்ணப்பட்டனர். அவர்கள் 20,37,615 பேர் இருந்தனர். அவ்வூர்களில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 71,866 குழந்தைகள் பிறந்திருந்தன. எனவே ஒரு பிறப்புக்கு 28 பேருக்குச் சற்று மேற்பட்ட மக்கள் உளர் என்று அவர் கண்டார். நாடு முழுவதிலும் ஆண்டுக்குப் பத்து இலட்சம் பிறப்புகள் எனக் கொண்டு, மக்கள் தொகை ஏறத்தாழ 2 கோடியே 83 இலட்சம் எனக் கணித்தார். அம்மட்டோடு அவர் நின்றுவிடவில்லை. தம் விடையில் எவ்வளவு பிழை இருத்தல் கூடும் என்பதையும் கணக்கிட்டுக் கூறினார். அறிஞரின் மதிப்பீட்டிற்கும் மற்றவர் குத்துமதிப்பிற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மாங்கோ டிபி தரும் மதிப்பீடு இவ்வகையைச் சார்ந்ததன்று. அது பகுதியைக் கொண்டு முழுமையை ஊகிப்பதில்லை. வாயிலில் நிற்கும் காவலன், உள்ளே செல்வோரையும் வெளியே வருவோரையும் குறித்துக்கொண்டே இருப்பதைப் போன்றது அது. காவலன் கண்ணயராத வரையில் அவன் கணக்கு மெய்க்கணக்கே. எனவே பெரும்பாலான வேளைகளில் இம்மதிப்பீடு உண்மைத் தொகையோடு ஒத்தே இருக்கும். அவ்வாறாயின் அதனை மதிப்பீடு என்று கூறுவானேன்? காவலனுடைய கணக்கு தவறுதற்கும் சில சூழல்கள் உண்டு என்பதே காரணம்.

முதலாவது சூழல், பொறி எதிர்பாராது நின்றுவிடுதல். மாங்கோ டிபி தன் ஆவணங்களைச் சேமிப்பதற்கு ‘வயர்டு டைகர்’ என்னும் சேமிப்புப் பொறியமைப்பைப் பயன்படுத்துகின்றது. அது தன்னிடமுள்ள நிலைமையை வழக்கமாக 60 நொடிகளுக்கு ஒருமுறை வட்டில் உறுதியாகப் பதிக்கும். அவ்விரு பதிவுகளுக்கு இடையே மின்சாரம் அற்றுப்போயிற்று என்று கொள்வோம். ஆவணங்கள் பெரும்பாலும் அழிந்துபோவதில்லை. மாற்றங்களை வரிசையாக எழுதி வைக்கும் ஜர்னல் என்னும் நாட்குறிப்பைக் கொண்டு அவை மீட்கப்படும். தொகையைக் காட்டும் எண்ணோ பழைய நிலையிலேயே நின்றுவிடக் கூடும். கடைசிப் பதிவின்போது 1,00,000 ஆவணங்கள் இருந்தன. அதன்பின் 1,200 ஆவணங்கள் சேர்ந்தன, 200 நீங்கின, உடனே பொறி நின்றது என்றால், உண்மைத் தொகை 1,01,000 ஆகும். ஏடு 1,00,000 என்றே காட்டக் கூடும். இடைக்காலத்தில் நிகழ்ந்த மாற்றங்கள் எத்துணையோ அத்துணையே பிழையும் இருக்கும். இதனைத் திருத்துதற்கும் வழியுண்டு. ‘வேலிடேட்’ என்னும் கட்டளையை இட்டால், தரவுத்தளம் தொகுப்பைச் சோதித்து எண்ணைச் சரிசெய்துகொள்ளும்.

இரண்டாவது சூழல், ஒரு தொகுப்பு பல பொறிகளில் பகிர்ந்து வைக்கப்பட்டிருத்தல். மூன்று பொறிகளில் ஒவ்வொன்றிலும் 1,00,000 ஆவணங்கள் உள்ளன என்று கொள்வோம். சுமையைச் சமன்செய்யும் பொருட்டு, முதற்பொறியிலிருந்து 5,000 ஆவணங்கள் இரண்டாம் பொறிக்கு மாற்றப்படுகின்றன. புதிய இடத்தில் அவை வந்து சேர்ந்துவிட்டன. பழைய இடத்திலுள்ள படிகள் இன்னும் நீக்கப்படவில்லை. அவ்வேளையில் ஒவ்வொரு பொறியின் ஏட்டையும் பார்த்துக் கூட்டினால் 3,05,000 என்று வரும். உண்மைத் தொகையோ 3,00,000. குடிபெயர்ந்த குடும்பம் ஒன்று பழைய ஊரின் பட்டியலிலும் புதிய ஊரின் பட்டியலிலும் ஒருங்கே இடம்பெற்றதைப் போன்றது இது. இவ்வாறு பழைய இடத்தில் எஞ்சிக் கிடக்கும் படிகளை ‘அநாதை ஆவணங்கள்’ என்று அழைப்பர். முதற்செயற்கூறு இவற்றை விலக்கியே எண்ணும். இரண்டாவது செயற்கூறு இவற்றையும் சேர்த்தே சொல்லக் கூடும்.

முறையாக எண்ணிய எண்ணுக்கும் ஒரு வரம்பு உண்டு என்பதை இங்கே மறத்தலாகாது. எண்ணி முடித்து விடை நம்மை வந்தடைவதற்குள் புதிய ஆவணங்கள் சில உள்ளே புகுந்திருக்கலாம். பழையன சில நீங்கியிருக்கலாம். ஓடும் ஆற்றின் நீரை அளந்தவன், தான் அளந்த பொழுதின் அளவையே அறிவான். எண் எதுவாயினும் அஃது எப்பொழுதைய எண் என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

இனி, சி மொழியில் எழுதிய நிரல் இவ்வினாவைக் கேட்கும் முறையைக் காண்போம். முதலில் இயக்கியைத் தொடங்கிவைத்தல் வேண்டும். அடுத்துத் தரவுத்தளம் இருக்கும் முகவரியைக் கொடுத்துத் தொடர்பு கொள்ளல் வேண்டும். மாங்கோ டிபி வழக்கமாக 27017 என்னும் எண்ணுள்ள வாயிலில் காத்திருக்கும். பின்னர் வேண்டிய தொகுப்பைச் சுட்டிப் பெறுதல் வேண்டும். அதன்பின் மதிப்பீட்டுச் செயற்கூற்றை அழைத்தல் வேண்டும். அழைக்கும்போது அதற்கு ஐந்து பொருள்களைக் கொடுக்கின்றோம். எந்தத் தொகுப்பு என்பது முதலாவது. விருப்பக் குறிப்புகள் இரண்டாவது. ‘இத்தனை மில்லி நொடிகளுக்குள் விடை வாராவிடின் நிறுத்துக’ என்பது போன்றவற்றை இதில் எழுதலாம். ஒரே தொகுப்பின் படிகள் பல பொறிகளில் இருப்பின் எப்பொறியிலிருந்து படித்தல் விருப்பம் என்பது மூன்றாவது. தரவுத்தளத்தின் முழு மறுமொழியையும் பெற்றுக்கொள்ளும் இடம் நான்காவது. பிழை நேர்ந்தால் அதன் விவரத்தைப் பெற்றுக்கொள்ளும் இடம் ஐந்தாவது. பணி முடிந்தபின் மறுமொழி, தொகுப்பு, தொடர்பு ஆகியவற்றுக்கெனப் பெற்ற இடங்களையெல்லாம் விடுவித்து, இயக்கியையும் முடித்துவைத்தல் வேண்டும்.

செயற்கூறு திருப்பித் தரும் விடையில் கவனிக்கத்தக்கவை இரண்டு உள்ளன.

ஒன்று, பிழை நேர்ந்தால் அது -1 என்னும் எண்ணைத் தரும். பிழைக்கு 0 என்னும் எண்ணைக் குறியாக வைத்திருக்கலாகாதா என்று கேட்கலாம். வைத்தலாகாது. தொகுப்பில் ஆவணம் ஒன்றும் இல்லாதபோது 0 என்பதே உண்மையான விடை. ‘ஒன்றும் இல்லை’ என்பதற்கும் ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. எந்தத் தொகுப்பிலும் -1 ஆவணம் இருத்தல் இயலாது. ஆதலின் அதுவே தெரியவில்லை என்பதற்கு ஏற்ற குறியாயிற்று. விடையைப் பெற்றவுடன் அது -1 தானா என்று சோதித்து, ஆம் எனின் பிழையின் விவரத்தைப் படித்தல் வேண்டும். சோதியாது விட்டால், ‘நம் பள்ளியில் உள்ள மாணவர்கள் -1’ என்று நிரல் திரையில் காட்டும். அல்லது அவ்வெண்ணை மற்றோர் எண்ணோடு கூட்டிப் பிழையை வெளியே தெரியாமல் மறைத்துவிடும். நகைப்புக்கு இடமாகும் பிழையினும் மறைந்து நிற்கும் பிழையே கொடிது.

மற்றொன்று, விடை 64 பிட்டு அளவுள்ள முழு எண்ணாக வருகின்றது. இதனுள் 19 இலக்கங்கள் கொண்ட எண்களும் அடங்கும். இதனைச் சோம்பலினாலோ அறியாமையினாலோ 32 பிட்டு அளவுள்ள சிறிய கலத்தில் வாங்கி வைப்போரும் உளர். அச்சிறிய கலத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் 214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647 ஆகும். 300 கோடி ஆவணங்கள் உள்ள தொகுப்பின் தொகையை அதனுள் இட்டால், பெரும்பாலான கணிப்பொறிகளில் அது 129 கோடிக்கு மேற்பட்ட ஒரு குறை எண்ணாக உருமாறித் தோன்றும். நாழிக்குள் மரக்கால் நெல்லைக் கொட்டினால் சிந்தாமல் இருக்குமா?

இஃது அற்பமான செய்தியன்று. 1996ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4ஆம் நாள், ஐரோப்பிய நாடுகளின் ஏரியான் 5 என்னும் ஏவூர்தி, தென் அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சுக் கயானாவிலிருந்து தன் முதற்பயணத்தைத் தொடங்கியது. புறப்பட்டு ஒரு நிமிடமும் ஆகுமுன்னே அது வழி விலகிச் சிதறியது. அதில் சுமந்து செல்லப்பட்ட செயற்கைக்கோள்கள் நான்கும் அழிந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது, 64 பிட்டு அளவுள்ள ஓர் எண்ணை 16 பிட்டு அளவுள்ள கலத்திற்குள் மாற்ற முயன்றதும், அது அடங்காமற் போனபோது உரிய காப்பு இல்லாமையும் வெளிப்பட்டன. அந்நிரல் சி மொழியில் எழுதப்பட்டதன்று. அடா என்னும் மொழியில் எழுதப்பட்டது. எம்மொழியாயினும் எண்ணுக்கு ஏற்ற கலத்தைத் தேர்தல் எழுதுவோரின் கடமையே என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இரண்டு செயற்கூறுகளுள் எதனை எப்போது கையாள்வது? எண் சற்றே பிறழ்ந்தாலும் முடிவு மாறாத இடங்களில் மதிப்பீடு போதும். தொகுப்பு நாள்தோறும் எவ்வாறு வளர்கின்றது என்று பார்த்தல், வட்டில் இன்னும் எத்துணை இடம் வாங்க வேண்டும் என்று திட்டமிடல், நெடிய வேலையொன்று எவ்வளவு முடிந்தது என்று காட்டுதல் ஆகியவை இத்தகையன. ‘ஏறத்தாழ நான்கு கோடி’ என்னும் விடை இங்கே நிறைவானது. இதற்காக நான்கு கோடி ஆவணங்களையும் ஒவ்வொன்றாக எண்ணச் சொல்லுதல், ஊர் எவ்வளவு தொலைவு என்று கேட்டவனுக்கு முழக்கோலை எடுத்துக்கொண்டு அளக்கப் புறப்படுவதை ஒக்கும்.

ஓர் எண் பிறழ்ந்தாலும் ஒருவர்க்குத் தீங்கு நேரும் இடங்களில் எண்ணியே ஆகல் வேண்டும். வாக்காளர் பட்டியல், தேர்வெழுதுவோர் பட்டியல், குருதி வங்கியின் இருப்பு, கொடுக்கல் வாங்கல் கணக்கு ஆகியவை இத்தகையன. மருத்துவமனை ஒன்று நோயாளர் ஆவணங்களைப் பழைய பொறியிலிருந்து புதிய பொறிக்கு மாற்றுவதாகக் கொள்வோம். மாற்றம் முடிந்தபின் பழையவற்றை அழித்துவிடல் வேண்டும். இரண்டு இடத்து மதிப்பீடுகளும் ஒத்துள்ளன என்பதைக் கண்டு ஒருவர் பழையவற்றை அழித்துவிட்டால் என்னாகும்? பழைய இடத்து ஏடு முன்னொரு நாள் நேர்ந்த மின்தடையினால் ஆயிரம் குறைவாகக் காட்டியிருக்கலாம். அவ்வாறாயின் ஆயிரம் நோயாளரின் வரலாறு மீட்க முடியாதவாறு மறைந்துபோகும். அத்தகைய வேளையில் முறையாக எண்ணிப் பார்த்தலே தக்கது. எண்ணியபின்னும், எண்ணிக்கை ஒத்திருத்தல் ஒன்றே உள்ளடக்கம் ஒத்திருத்தலுக்குச் சான்றாகாது என்பதை உணர்ந்து, ஆவணங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

எண்ணவும் வேண்டாத, மதிப்பிடவும் வேண்டாத வேளையும் உண்டு. ‘இத்தொகுப்பு வெறுமையாக உள்ளதா?’ என்பது மட்டுமே நாம் அறிய விரும்புவதாயின், தொகை எதற்கு? ‘ஏதேனும் ஓர் ஆவணத்தை எடுத்துக் காட்டுக’ என்று கேட்டால் போதும். ஒன்று வந்தால் வெறுமையன்று. ஒன்றும் வாராவிடின் வெறுமையே. பெட்டியில் பழம் இருக்கின்றதா என்று அறிய விரும்புவோன் எல்லாப் பழங்களையும் எண்ணிக்கொண்டிரான். தனக்கு வேண்டிய விடை யாது என்பதைத் தெளிந்த பின்னரே வினாவை அமைத்தல் அறிவுடைமை.

மாணவர்களே! நீங்கள் வளர்ந்து எத்தொழிலை மேற்கொண்டாலும் எண்கள் உங்களைச் சூழ்ந்தே இருக்கும். நாளிதழ்கள் எண்களைக் கூறும். அலுவலகங்கள் எண்களைக் கேட்கும். பொறிகள் நொடிதோறும் எண்களை உமிழும். ஓர் எண்ணைக் காணும்போதெல்லாம், இஃது எண்ணி வந்ததா, ஏட்டைப் பார்த்து வந்ததா, ஒரு பகுதியைக் கண்டு ஊகித்ததா என்று கேட்டுப் பழகுங்கள். நீங்கள் ஓர் எண்ணைப் பிறர்க்குக் கூறும்போதும் அதன் தன்மையை மறையாது கூறுங்கள். மதிப்பிட்டதாயின் ‘ஏறத்தாழ’ என்னும் சொல்லைச் சேர்த்துச் சொல்லுங்கள். தெரியாததாயின் ‘தெரியவில்லை’ என்று சொல்லத் தயங்காதீர்கள். மதிப்பீட்டை மதிப்பீடு என்று கூறுவதில் இழிவு ஒன்றும் இல்லை. அதனை மெய்த்தொகை என்று கூறி, அதனை நம்பிய பிறரை இடர்ப்படச் செய்வதே இழிவாகும்.